டைனோசரும் ஆளும் ஒரே பிரேமில் நிற்க வேண்டும்

தம்பி, சுங்கை சிப்புட்டில் நீங்கள் ஐந்து பேர் சேர்ந்து இந்த விடுமுறையில் ஒரு குறும்படம் எடுக்கப் போவதாக எழுதியிருந்தீர்கள். விண்கலம் பழுதாகி ஏதோ ஒரு கிரகத்தில் மாட்டிக்கொண்ட நான்கு பேர், அங்கே டைனோசர் மாதிரி ஒரு மிருகம், கையில் 3,000 மலேசிய வெள்ளி, இரண்டு கைப்பேசி, ஒரு பழைய லேப்டாப். இந்த மாதிரிப் படங்களை முன்னால் யார் எடுத்தார்கள், எதைப் பார்த்துக் கற்றுக்கொள்ளலாம், இவ்வளவு குறைந்த காசில் எடுத்தால் ஜனங்கள் சிரித்துவிடுவார்களா என்று கேட்டிருந்தீர்கள். நான் இருபது வருடத்துக்கு மேல் கல்யாண வீடியோ எடுக்கிறவன், அதற்கு முன்னால் சித்தப்பாவின் வீடியோ கேசட் கடையில் நின்றவன், இந்தப் படங்களைச் சின்ன வயதிலிருந்து விடாமல் தேடிப் பார்க்கிறவன். அதனால் கொஞ்சம் நீளமாகவே எழுதுகிறேன்.

முதலில் என் பாட்டியைப் பற்றிச் சொல்ல வேண்டும். 1980களில் சனிக்கிழமை இரவு எங்கள் ரப்பர்த் தோட்டத்து லயத்தில் யாராவது ஒருவர் டிவியும் டெக்கும் வாடகைக்கு எடுப்பார்கள். தமிழ்ப் படம் இரண்டு ஓடி முடிந்து பெரியவர்கள் பாதிப்பேர் பாயை விரித்த பிறகு, கடையில் யாரும் கேட்காமல் கிடக்கும் ஆங்கிலக் கேசட்டை நான் சொருகுவேன். அப்படி ஒரு நாள் கறுப்பு வெள்ளைப் படம் ஒன்று. நாலு பேர் ராக்கெட்டில் ஒரு புதுக் கிரகத்துக்குப் போகிறார்கள், அங்கே ஒரு தீவில் ராட்சத டைனோசர். நாங்கள் பிள்ளைகள் வாயைப் பிளந்துகொண்டு பார்க்கிறோம். முப்பது வருடம் பால் வெட்டிய பாட்டி சுவரில் சாய்ந்தபடியே ஒரே ஒரு தடவை நிமிர்ந்து பார்த்துவிட்டு, "அது உடும்புடா. ஒரு முழம்கூட இருக்காது" என்றார். அவ்வளவுதான். அதற்குப் பிறகு அந்த மிருகம் எவ்வளவு வாயைத் திறந்தாலும் எங்களுக்கு உடும்பாகவே தெரிந்தது.

அந்தப் படம் 1955இல் வந்த 'கிங் டைனோசர்' என்று பல வருடம் கழித்துத் தெரிந்துகொண்டேன். பெர்ட் ஐ. கார்டன் இயக்கிய முதல் படம். ஏழே நாளில், சுமார் 15,000 டாலரில் எடுத்தது. நடிகர்கள் மொத்தம் நான்கு பேர். டைனோசராக நடித்தது ஒரு இகுவானா ஓணான். பாட்டி இகுவானாவைப் பார்த்ததில்லை, ஆனால் ஊர்ந்து போகும் பிராணியின் கால் எப்படி இருக்கும் என்று அவருக்குத் தெரியும். ஓணானுக்கும் உடும்புக்கும் கால்கள் உடம்பின் பக்கவாட்டில் பிதுங்கி வளைந்து தரையைத் தொடும், நடக்கும்போது உடம்பு இடமும் வலமும் நெளியும். டைனோசரின் கால்கள் அப்படி அல்ல, யானைக்கும் கோழிக்கும் இருப்பதுபோல உடம்புக்கு நேர் கீழே தூண் மாதிரி நின்றவை. பல்லி இனத்தில் எதைப் பிடித்து எவ்வளவு பெரிதாகக் காட்டினாலும் டைனோசர் வராததற்கு இதுதான் காரணம்.

இந்த ஓணான் வித்தைக்கு மூலப் படம் 1940இல் ஹால் ரோச் தயாரித்த 'ஒன் மில்லியன் பி.சி.' ஒரு சின்ன முதலையின் முதுகில் துடுப்பை ஒட்டி, தெகு என்ற பெரிய பல்லியோடு சண்டை போட விட்டிருப்பார்கள். இரண்டும் உண்மையாகவே கடித்துக்கொள்கின்றன. பார்க்கவே கஷ்டமாக இருக்கும், இதை நான் யாருக்கும் சிபாரிசு செய்யமாட்டேன். ஆனால் அந்தக் காட்சித் துண்டுகளை அடுத்த முப்பது வருடத்துக்கு எத்தனையோ படக்காரர்கள் வாங்கி வாங்கி ஒட்டிக்கொண்டார்கள், 'கிங் டைனோசர்' உட்பட. நீங்களும் ஆற்றங்கரையில் உடும்பைப் பிடித்து நடிக்க வைக்கலாமே என்று யோசித்திருந்தால் இப்போதே விட்டுவிடுங்கள். வனவிலங்குத் துறையான பெர்ஹிலித்தானின் அனுமதி இல்லாமல் அதைத் தொடக்கூடாது, அதோடு அந்தப் பிராணி என்ன பாவம் செய்தது.

சரி, நான் சொல்ல வந்த முக்கியமான விஷயம் இதுதான். இந்தப் படங்களைத் திரும்பத் திரும்பப் பார்த்ததில் எனக்குத் தெளிவானது ஒன்று: மிருகம் ரப்பரா, களிமண்ணா, கம்ப்யூட்டரா என்பதை ஜனங்கள் மன்னித்துவிடுகிறார்கள். மன்னிக்காதது, மிருகமும் ஆளும் ஒரே இடத்தில் நிற்கவில்லை என்று தெரிந்துபோவதைத்தான். ஆள் பயந்து பார்க்கிறான், வெட்டு, மிருகம் கத்துகிறது, வெட்டு, ஆள் ஓடுகிறான். இப்படியே ஒன்றரை மணி நேரம் போனால் நம் கண்ணுக்கு அது இரண்டு தனித்தனிப் படம். மிருகமும் ஆளும் சேர்ந்து நிற்கும் ஒரே ஒரு ஷாட், ஐந்து வினாடி, ஒழுங்காக இருந்தால் போதும். அதற்குப் பிறகு நீங்கள் எவ்வளவு வெட்டினாலும் பார்க்கிறவர்கள் கூடவே வருவார்கள்.

இதற்கு நல்ல பாடம் ஒரு ரஷ்யப் படமும் அதைத் துண்டு போட்ட இரண்டு அமெரிக்கப் படங்களும்.

முதலில் ஒரு சின்னப் பின்னணி. வேற்றுக் கிரகத்தில் ஏன் டைனோசர் இருக்க வேண்டும்? இதைச் சினிமாக்காரர்கள் மட்டும் கற்பனை செய்யவில்லை. வெள்ளிக் கிரகத்தை எப்போதும் மேகம் மூடியிருக்கும். மேகம் என்றால் தண்ணீர், தண்ணீர் என்றால் சதுப்புநிலம், சூரியனுக்குப் பக்கத்தில் இருப்பதால் வெப்பம், ஆகவே அது நம் பூமியின் ஆதிகாலம் மாதிரி இருக்கும் என்று படித்தவர்களே நம்பினார்கள். நோபல் பரிசு வாங்கிய வேதியியலாளர் ஸ்வான்டே அர்ரீனியஸ் 1918இல் அப்படித்தான் எழுதினார். அமெரிக்காவின் மரைனர் 2 கலம் 1962 டிசம்பரில் வெள்ளியைக் கடந்து போய் அளந்த பிறகுதான் அது உலைக்களம் என்று உறுதியானது. தரையில் 460 டிகிரி செல்சியஸுக்கு மேல், ஈயம் உருகிவிடும்.

அதே 1962இல், மரைனர் போவதற்குச் சில மாதம் முன்னால், லெனின்கிராட்டில் பாவெல் குளுஷான்ட்சேவ் 'பிளானெட்டா பூர்' என்ற படத்தை வெளியிட்டார், புயல்களின் கிரகம் என்று பொருள். வெள்ளிக்குப் போகும் மூன்று கலங்களில் ஒன்றை விண்கல் அழித்துவிடுகிறது. மீதிப் பேர் இறங்குகிறார்கள், பிரிந்துபோகிறார்கள், ஒரு பெண் மட்டும் மேலே கலத்தில் சுற்றிக்கொண்டு கீழே இருப்பவர்களுக்காகத் தவிக்கிறாள். மூடுபனி, கறுப்புப் பாறை, பல்லி மனிதர்கள், நீண்ட கழுத்து டைனோசர் ஒன்று, வண்டியைத் தாக்கும் பறக்கும் ஊர்வன. ஜான் என்று ஒரு பெரிய இரும்பு ரோபோ, எரிமலைக் குழம்புக்குள் இரண்டு பேரைத் தோளில் சுமந்து நடக்கும். தன் எந்திரம் கெட்டுப்போகும் நிலைமை வந்ததும், தன்னைக் காப்பாற்றிக்கொள்ள அவர்களைக் கீழே போடத் தீர்மானிக்கும். அந்தக் காட்சிக்காகவே இதைப் பாருங்கள். எரிமலைக் குழம்பு எதனால் செய்தது என்று யோசிக்கவே தோன்றாது, ஏனென்றால் மூன்று பேரும் ஒரே பிரேமில் அதற்குள் நிற்கிறார்கள்.

இந்தப் படத்தை அமெரிக்காவில் ரோஜர் கோர்மன் என்ற தயாரிப்பாளர் வாங்கினார். 1965இல் கர்ட்டிஸ் ஹாரிங்டனிடம் கொடுத்து 'வாயேஜ் டு த பிரிஹிஸ்டாரிக் பிளானெட்' ஆக்கினார். ரஷ்ய நடிகர்களுக்கு ஆங்கிலக் குரல் கொடுத்து, மேலே சுற்றும் ரஷ்யப் பெண்ணை எடுத்துவிட்டு ஃபெய்த் டொமெர்க்கை வைத்து, பேசில் ராத்போன் சந்திரத் தளத்தில் உட்கார்ந்து மைக்கில் கட்டளை போடுகிற மாதிரி சில காட்சி சேர்த்தார்கள். ராத்போன் காட்சிகளை வேறொரு கோர்மன் படத்துக்குப் போட்ட அதே செட்டில், அந்தப் படத்தோடு சேர்த்தே எடுத்து முடித்துவிட்டார்கள். பார்த்தால் தெரியும், ராத்போன் பாவம் கடைசிவரை யாரையும் சந்திப்பதே இல்லை.

அதோடு விடவில்லை. 1968இல் அதே ரஷ்யக் காட்சிகளை வைத்தே இன்னொரு படம். இந்தத் தடவை இயக்கியது பீட்டர் பொக்டானோவிச், பெயரை மாற்றிப் போட்டுக்கொண்டார். கடற்கரையில் மேமி வான் டோரனும் சில பெண்களும் வெள்ளிக் கிரகத்துவாசிகளாக நடந்துகொண்டிருப்பார்கள். விண்வெளிக்காரர்கள் சுட்ட பறக்கும் மிருகம் இவர்களுடைய தெய்வம், அதனால் கோபம். கதையாகக் கேட்டால் நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் ஒரு கூட்டத்தை ரஷ்யாவில் எடுத்தார்கள், இன்னொரு கூட்டத்தைச் சில வருடம் கழித்து கலிஃபோர்னியாவில் எடுத்தார்கள், இரண்டு கூட்டமும் படம் முழுக்க ஒரு தடவைகூட ஒருவரை ஒருவர் பார்ப்பதில்லை. மூன்று படத்தையும் அடுத்தடுத்துப் போட்டுப் பாருங்கள், ஒரு வார எடிட்டிங் வகுப்புக்குச் சமம். காட்சி ஒன்றுதான், ஒட்டிய இடம் மாறினால் உயிர் எப்படிப் போகிறது என்று உங்கள் கண்ணுக்கே தெரியும்.

நம் பக்கத்து நாட்டுக் கதையும் ஒன்று உண்டு. அல் ஆடம்சன் 1970இல் வெளியிட்ட 'ஹாரர் ஆஃப் த பிளட் மான்ஸ்டர்ஸ்' படத்தில் வரும் குகை மனிதர்கள் பிலிப்பைன்ஸில் 1950களில் எடுத்த 'தகானி' என்ற கறுப்பு வெள்ளைப் படத்திலிருந்து வந்தவர்கள். புதிதாக எடுத்த காட்சிகள் கலர், வாங்கிய காட்சிகள் கறுப்பு வெள்ளை, ஆகவே அந்தக் கிரகத்தின் கதிர்வீச்சால் எல்லாம் நிறம் மாறித் தெரிகிறது என்று கதையில் ஒரு வசனம் வைத்து, பழைய காட்சிகளுக்குச் சிவப்பும் பச்சையும் சாயம் ஏற்றிவிட்டார்கள். படம் மோசம். ஆனால் உங்கள் இரண்டு கைப்பேசியின் கலர் ஒன்றுக்கொன்று பொருந்தாமல் போனால் இந்த யோசனை ஞாபகத்தில் இருக்கட்டும்.

இனி நீங்கள் கட்டாயம் பார்க்க வேண்டிய படம், 1970களின் பிற்பகுதியில் வந்த 'பிளானெட் ஆஃப் டைனோசர்ஸ்'. ஜேம்ஸ் கே. ஷே இயக்கியது. உங்கள் கதைதான்: கலம் விழுந்துவிடுகிறது, பிழைத்தவர்கள் ஒரு கிரகத்தில் நடக்கிறார்கள், ஒவ்வொருவராகச் சாகிறார்கள். பாதுகாப்பான உயரத்தில் ஒதுங்கி உட்கார்ந்து மீட்க வருபவர்களுக்குக் காத்திருக்கலாம் என்கிறார் கேப்டன், இல்லை, இறங்கி எதிர்த்து நின்று இந்த மண்ணில் வாழக் கற்றுக்கொள்ள வேண்டும் என்கிறான் இன்னொருவன். இந்த ஒரு தகராறுதான் முழுக் கதையும். நடிப்பு, வசனம், உடை எல்லாம் சுமார்தான், ஏனென்றால் இருந்த காசில் பெரும்பகுதி டைனோசர்களுக்குப் போய்விட்டது. டக் பெஸ்விக், ஜிம் ஆப்பர்லி, ஸ்டீபன் செர்க்காஸ் மூவரும் சேர்ந்து பொம்மைகளை உருவாக்கி, ஒவ்வொரு பிரேமாக நகர்த்தி எடுத்தார்கள். செர்க்காஸ் பிற்பாடு அருங்காட்சியகங்களுக்கு டைனோசர் சிற்பம் செய்யும் அளவுக்குப் போனவர். அதனால் அந்த மிருகங்களின் தசையிலும் நடையிலும் ஒரு கவனம் இருக்கிறது, இன்றைக்கும் பார்க்க முடிகிறது.

அந்த வேலை எவ்வளவு என்று கணக்குப் போட்டுப் பாருங்கள். ஒரு வினாடிக்கு 24 பிரேம். பொம்மையின் காலை ஒரு நெல்மணி அளவு நகர்த்து, ஒரு பிரேம் எடு, மறுபடி நகர்த்து. ஒரு நிமிடக் காட்சிக்கு 1,440 தடவை. நடுவில் ஒரு தடவை மேசை ஆடிவிட்டால் முதலிலிருந்து தொடங்க வேண்டியதுதான். படத்தின் கடைசிப் பகுதியில் பெரிய டைரனோசரைக் கூர்மையான மரக்கழியில் வந்து பாய வைத்துக் கொல்வார்கள். எனக்கு அந்தக் காட்சி ரொம்பப் பிடிக்கும். துப்பாக்கியும் லேசரும் போன பிறகு மனிதர்கள் கட்டையைச் செதுக்குகிறார்கள், பொறி வைக்கிறார்கள், மிருகத்தின் கண்ணில் படுகிற தூரத்தில் நிற்கிறார்கள். ஒரே பிரேமில் நிற்கிறார்கள்.

இங்கே இன்னொரு விஷயம் சொல்லாமல் இருக்க முடியவில்லை. இந்தப் பொம்மைகளின் தோல் எதனால் ஆனது தெரியுமா? உள்ளே மூட்டுகள் வைத்த இரும்பு எலும்புக்கூடு, அதற்கு மேலே ஃபோம் லேடெக்ஸ். அதாவது பால்மரத்துப் பாலைச் சோப்பும் சில மருந்தும் சேர்த்து நுரை பொங்க அடித்து, அச்சில் ஊற்றி, அடுப்பில் வேகவைத்து எடுக்கும் பஞ்சு ரப்பர். 1925இல் 'த லாஸ்ட் வேர்ல்டு' படத்துக்கும் 1933இல் 'கிங் காங்'குக்கும் மார்செல் டெல்காடோ செய்த பொம்மைகளிலேயே ரப்பர் பால் வந்துவிட்டது. உலகத்தில் அதிகமாக ரப்பர் விளைவித்த நாடு நம் மலாயாவாக இருந்த காலம் அது. எங்கள் பாட்டி விடியற்காலை நாலரை மணிக்குத் தலையில் விளக்கைக் கட்டிக்கொண்டு போய், பட்டையைக் கீறி, மங்கில் சொட்டுச் சொட்டாக வடிய விட்டுச் சேர்த்த அதே பால். சில வருடம் முன்னால் ஒரு பள்ளி நாடகத்துக்கு முகமூடி செய்ய நான் திரவ லேடெக்ஸ் ஒரு டப்பா வாங்கினேன். மூடியைத் திறந்ததும் அமோனியா வாசனை மூக்கில் ஏறியது. பால் கட்டிப் போகாமல் இருக்கப் போடுவது. கண்ணை மூடிக்கொண்டேன், அப்படியே எங்கள் தோட்டத்துப் பால் ஸ்டோர் வாசலில் நிற்கிற மாதிரி இருந்தது. ஆகவே தம்பி, இந்தக் கலை எங்கேயோ ஹாலிவுட்டில் இருப்பது, நமக்கு எட்டாதது என்று நினைக்காதீர்கள். அதன் தோல் நம் ஊரில் வடிந்தது.

பெரிய காசுப் படத்தையும் ஒன்று சொல்லிவிடுகிறேன். 2023இல் வந்த '65', ஆடம் டிரைவர் நடித்தது. விண்வெளிக்காரன் ஒருவன் ஆதிகாலப் பூமியில் விழுகிறான், கூட ஒரு சிறுமி. 45 மில்லியன் டாலர் செலவு. இருட்டும் மழையுமாகவே மிருகங்களைக் காட்டுவார்கள். அதில் எனக்குப் பிடித்தது டைனோசர்கள் அல்ல, பாஷை புரியாத அந்தச் சிறுமியும் அவனும் சைகையில் பேசிக்கொள்வதுதான். அதற்கு ஒரு காசும் தேவையில்லை. உங்கள் நான்கு பேரில் ஒருவருக்கு மற்றவர்கள் பேசுவது புரியாது என்று வைத்துப் பாருங்களேன்.

சரி, இப்போது உங்கள் அந்த ஒரு ஷாட்டுக்கு வருவோம்.

30 செ.மீ. உயரத்தில் ஒரு பொம்மை செய்யுங்கள். காசில் பாதி இதற்கே போகட்டும், யோசிக்க வேண்டாம். அதைக் கேமராவிலிருந்து 60 செ.மீ. தூரத்தில், ஒரு பலகை மேல் வையுங்கள். ஆளை 12 மீட்டர் தூரத்தில் நிறுத்துங்கள். இப்படி வைத்தால் கேமராவின் கண்ணுக்குப் பொம்மை ஆளைவிட மூன்றரை மடங்கு உயரமாகத் தெரியும், அதாவது கிட்டத்தட்ட 6 மீட்டர் மிருகம். பலகையின் மேல் அந்த இடத்து மண்ணையே தூவி, அதன் விளிம்பு பின்னால் இருக்கும் தரையோடு ஒட்டிப் போகிற மாதிரி கேமராவைத் தாழ்த்துங்கள். பலகை விளிம்பு தெரிந்துவிட்டால் எல்லாம் போச்சு, இதற்கு அரை மணி நேரம் செலவழித்தாலும் பரவாயில்லை. பெரிய சினிமாக் கேமராவில் இரண்டையும் ஒன்றாகக் கூர்மையாக்குவது சிரமம். கைப்பேசியின் சென்சார் சின்னது என்பதால், நல்ல வெயிலில், அகலமான லென்ஸில், பக்கத்திலிருப்பதும் தூரத்திலிருப்பதும் ஓரளவு சேர்ந்தே தெளிவாக விழும். ஃபோகஸைக் கையால் பூட்டிக்கொள்ளுங்கள். இதில் பெரிய லாபம் என்னவென்றால் இரண்டின் மேலும் விழுவது ஒரே சூரியன். நிழல் ஒரே பக்கம் சாயும். கம்ப்யூட்டரில் டைனோசர் செய்கிறவர்கள் நாள் கணக்கில் மல்லுக்கட்டுவது இந்த வெளிச்சத்துக்காகத்தான், உங்களுக்கு அது சும்மா கிடைக்கிறது.

அடுத்து எடை. ரப்பர் பொம்மை பொம்மையாகத் தெரிவது அதன் உருவத்தால் அல்ல, வேகத்தால். 6 மீட்டர் உயரத்திலிருந்து ஒரு பொருள் விழ 1.1 வினாடி ஆகும், 30 செ.மீ.யிலிருந்து விழக் கால் வினாடிதான். சின்னது எல்லாம் படபடவென்று அசையும், பெரியது ஆற அமர அசையும், நம் கண்ணுக்கு இது பிறவியிலேயே தெரியும். உங்கள் பொம்மை இருபதில் ஒரு பங்கு அளவு. 20இன் வர்க்கமூலம் சுமார் நாலரை. ஆகவே சாதாரண வேகத்தைவிட நாலரை மடங்கு வேகத்தில் படம் பிடித்து 24இல் ஓட்ட வேண்டும். கைப்பேசியில் 120 பிரேம் ஸ்லோ மோஷன் இருக்கிறதல்லவா, கிட்டத்தட்ட அதுதான். பொம்மையின் காலடியில் உலர்ந்த மாவு மாதிரி நைசான மண்ணைப் போட்டுக் காலை ஊன்றச் சொல்லுங்கள். அந்தத் தூசி மெதுவாக எழுந்து அடங்குவதை ஒரு தடவை பார்த்தால் உங்களுக்கே புல்லரிக்கும்.

ஆனால் ஆளை 120இல் எடுத்தால் ஆளும் மெதுவாகிவிடுவான். அதனால் கேமராவை ஸ்டாண்டில் அசையாமல் பூட்டி, ஸ்டாண்டின் காலில் மணல் மூட்டையைக் கட்டி, முதலில் ஆளைச் சாதாரண வேகத்தில் எடுங்கள், உடனே பொம்மையை 120இல் எடுங்கள், எடிட்டிங்கில் நடுவே ஒரு கோடு போட்டு இரண்டையும் சேருங்கள். ஸ்லோ மோஷனுக்கு மாற்றினால் சில கைப்பேசி காட்சியைக் கொஞ்சம் உள்ளே இழுத்துவிடும், அதை முந்தின நாளே சோதித்து வையுங்கள். கோடு ஒரு பாறை விளிம்பிலோ மரத்திலோ போனால் ஒட்டு தெரியாது. ரே ஹாரிஹவுசன் தன் படங்களில் செய்ததும் அடிப்படையில் இதுவே. நடிகர்கள் இருக்கும் காட்சியைப் பொம்மைக்குப் பின்னால் திரையில் போட்டு, தரைப்பகுதியை மறைத்து ஒரு தடவையும் திறந்து ஒரு தடவையும் ஒரே ஃபிலிமில் எடுத்து, மிருகத்தை மனிதர்களுக்கு நடுவில் நிறுத்தினார். அவருக்கு மாதங்கள் பிடித்தது உங்களுக்கு ஒரு மத்தியானத்தில் முடியும்.

எப்படி நடக்க வைப்பது? சேவலைப் பாருங்கள். இரண்டு காலில் நடந்த டைனோசர்களுக்கு இன்றைய பறவைகள்தான் வாரிசு. ஒரு காலைத் தூக்கும்போது விரல்கள் மடங்குவதையும், ஊன்றுவதற்கு முன் ஒரு நொடி தயங்குவதையும், தலை முதலில் போய் நின்ற பிறகு உடம்பு அதன் பின்னால் போவதையும் வீட்டுக்குப் பின்னாலேயே படம் பிடித்து வந்து பொம்மைக்காரருக்குக் காட்டுங்கள்.

இடத்துக்கு நீங்கள் அலையவே வேண்டாம். கிந்தா பள்ளத்தாக்கு முழுக்கச் சுண்ணாம்பு மலை, செங்குத்தாக எழுந்து நிற்கும். பழைய வெள்ளீயச் சுரங்கம் இருந்த பக்கமெல்லாம் வெள்ளை மணல் வெளி, ஒரு மரம் இல்லாமல் கிடக்கும் இடங்கள் இன்னும் இருக்கின்றன. காலை ஏழரைக்கு அங்கே பனி படர்ந்திருக்கும்போது எடுத்தால் எந்தக் கிரகம் என்று யாரும் கேட்கமாட்டார்கள். ஆனால் சுரங்கக் குளத்தின் கரைப் பக்கம் போகாதீர்கள். கரை இளகும், தண்ணீர் திடீரென்று ஆழமாகும். மறுநடவுக்காக மரத்தைச் சாய்த்த தோட்டம் இருந்தால் படி படியாக வெட்டிய செம்மண் குன்று கிடைக்கும். மானேஜரிடம் கடிதம் வாங்கிக்கொண்டு காவலுக்கு இருக்கும் ஜாகாவிடமும் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். காட்டுக் காட்சிக்கு வயதான செம்பனை மரங்கள் போதும். மட்டை வெட்டிய இடுக்கெல்லாம் பெரணி முளைத்துத் தொங்கும், உள்ளே எப்போதும் அரையிருட்டு. லாலான் புல் மட்டும் பிரேமில் வராமல் பார்த்துக்கொள்ளுங்கள். புல்வெளிகள் பரவியதெல்லாம் டைனோசர்கள் போய்ச் சேர்ந்து வெகுகாலம் கழித்துத்தான், பெரணியோ அவற்றுக்கும் மூத்தது.

விண்வெளி உடைக்கு மோட்டார் சைக்கிள் ஹெல்மெட் வேண்டாம், எல்லாரும் அதைத்தான் செய்கிறார்கள், தூரத்திலேயே தெரிந்துவிடும். தோட்டத்தில் களைக்கு மருந்தடிக்கிறவர்கள் முதுகில் மாட்டும் தொட்டி, நீளமான குழாய், முகமூடி, ரப்பர் பூட்ஸ், இவை சேர்ந்தாலே பாதி உடை வந்துவிட்டது. தொட்டி மட்டும் புதிதாக வாங்குங்கள், மருந்து ஊற்றிய பழைய தொட்டியை முதுகில் வைக்கவே கூடாது. பாராகுவாட் என்ற களைக்கொல்லியை 2020இல் இங்கே தடை செய்தார்கள் என்றாலும் பழைய தொட்டியில் என்னென்ன ஊறியிருக்கும் என்று யாருக்குத் தெரியும். வாங்கியதைச் சாம்பல் நிறத்தில் அடித்து, கொஞ்சம் சேறு பூசி, விழுந்து எழுந்த கலத்திலிருந்து வந்த மாதிரி ஆக்கிவிடுங்கள்.

அப்புறம் உங்கள் கடைசிக் கேள்வி, சிரித்துவிடுவார்களா என்று. நம் நாட்டில் உண்மையிலேயே டைனோசர் இருந்தது. மலாயாப் பல்கலைக்கழகத்துக்காரர்கள் பகாங்கில் கண்டுபிடித்து 2014இல் அறிவித்தார்கள், மீன் தின்னும் ஸ்பினோசர் வகையின் பல். நீளம் 23 மில்லிமீட்டர், கட்டைவிரலின் ஒரு கணுகூடக் கிடையாது. அந்தத் துண்டை வைத்துக்கொண்டு ஒரு முழு மிருகத்தைக் கண் முன்னால் நிறுத்த அவர்களால் முடிந்தது, ஏனென்றால் அவர்கள் அதை விளையாட்டாக எடுத்துக்கொள்ளவில்லை. நீங்களும் அப்படி எடுத்தால் ஜனங்கள் சிரிக்கமாட்டார்கள். நடிக்கிறவன் பலகை மேல் இருக்கும் பொம்மையை நினைத்து நடிக்கக்கூடாது. அவன் பார்வை 6 மீட்டர் உயரத்தில் எங்கே விழ வேண்டும் என்று, ஒரு மூங்கில் கழியை நட்டு, நுனியில் துணி கட்டிக் காட்டுங்கள். நால்வரின் கண்ணும் ஒரே இடத்தில் நிற்க வேண்டும். இந்தக் கழி இல்லாமல் எடுத்து வீணான காட்சிகளை நான் நிறையப் பார்த்திருக்கிறேன்.

சத்தத்துக்கும் ஒரு யோசனை. 'கிங் காங்' படத்தில் சிங்கம், புலி உறுமலைப் பின்னோக்கி, மெதுவாக ஓட்டித்தான் காங்கின் குரலைச் செய்தார்கள். 1954இல் காட்ஸில்லாவின் குரலுக்கு அகிரா இஃபுகுபே, பெரிய பாஸ் வாத்தியத்தின் தந்தியைத் தளர்த்தி, பிசின் தடவிய தோல் கையுறையால் தேய்த்து இழுத்தார். தேய்ப்பதில்தான் அந்த விசை இருக்கிறது. தேய்த்து உறுமும் வாத்தியம் நம்மிடமே இல்லையா என்ன? உங்கள் ஊர் உறுமி மேளக் குழுவில் யாரையாவது பிடித்து, மேளம் ஏதும் இல்லாமல், வளைந்த குச்சியால் தோலைத் தேய்க்கும் சத்தத்தை மட்டும், மெதுவாக ஒன்று, நீளமாக ஒன்று, திடீரென்று அறுத்த மாதிரி ஒன்று என்று பத்துத் தடவை பதிவு செய்யுங்கள். பூட்டிய அறையில், கைப்பேசியை ஒரு முழத்துக்கு அப்பால் வைத்து. பிறகு அதைப் பாதி வேகத்தில் ஓட்டி, ஹெட்போனில் கேட்டுப் பாருங்கள்.

பொம்மை தயாராக ஒரு மாதம் ஆகும். அதுவரை காத்திருக்காமல் இந்த ஞாயிற்றுக்கிழமையே களிமண்ணில் ஒரு உருவம் பிடித்துக்கொண்டு மணல்வெளிக்குப் போய் அந்த 60 செ.மீ.யையும் 12 மீட்டரையும் அளந்து ஒரு ஷாட் எடுத்து எனக்கு அனுப்புங்கள். பலகை விளிம்பு தெரிகிறதா என்று நான் பார்த்துச் சொல்கிறேன். கனமான ஸ்டாண்ட் என்னிடம் இரண்டு இருக்கிறது, கல்யாணம் இல்லாத வாரமாகப் பார்த்து வந்து எடுத்துக்கொள்ளுங்கள்.